நெல் கட்டிய கல்லூரிகள்

ஜூன் பிறந்தால் டெல்டா வீடுகளில் இரண்டு செலவுகள் ஒன்றாக வந்து நிற்கும். மேட்டூர் அணை 12ஆம் தேதி திறக்கும் என்ற நம்பிக்கையில் குறுவைக்கு நாற்றங்கால் போட வேண்டும். விதைநெல், உழவு, அடியுரம் எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும். அதே வாரங்களில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரி அட்மிஷன். சம்பா அறுத்த பணம் பழைய கடனை அடைத்ததில் மார்ச்சிலேயே கரைந்திருக்கும். குறுவை நெல் பணமாக அக்டோபர் ஆகிவிடும். வயலுக்கென்று அடகு வைத்த நகையில் கல்லூரிக் கட்டணம் கட்டுவதும், படிப்புக்கென்று வாங்கிய கடனில் உரம் வாங்குவதும் இங்கே சாதாரணம்.

இந்த நெருக்கடியைத் தஞ்சாவூர்க் கல்லூரிகளின் கதைக்குள் நுழையும் வாசலாகவே எடுத்துக்கொள்ளலாம். தஞ்சாவூரில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம், மூன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், ஒரு மருத்துவக் கல்லூரி. திருவாரூர்ப் பக்கம் மத்தியப் பல்கலைக்கழகம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், கும்பகோணத்தில் ஒன்றரை நூற்றாண்டு கண்ட அரசுக் கல்லூரி. இடையில் எண்ணற்ற கலை அறிவியல், பொறியியல், பாலிடெக்னிக், கல்வியியல் கல்லூரிகள். தமிழ்நாட்டில் இவ்வளவு கல்விக்கூடங்களை நெல்லை நம்பி வளர்த்த நிலப்பகுதி வேறு இல்லை. ஆனால் அந்த நெல்லை நட்டவர்களின் பிள்ளைகள் இந்த வாசல்களுக்குள் கடைசியாகத்தான் வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த நேரத்தில் கல்லூரிகளின் முகம் வயலைவிட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

மேடும் பள்ளமும்

தஞ்சாவூரிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் மேற்கே போனால் நிலம் மெல்ல ஏறும். பச்சை வயல் பின்தங்கி, செம்மண் மேடு தொடங்கும். வல்லம் அந்த மேட்டின் நடுவில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி செய்யப் பயன்பட்ட படிகக்கல் ஒரு காலத்தில் இங்கே கிடைத்தது. காவிரிப் பாசனம் எட்டாத இந்த மேட்டு நிலத்தில்தான் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் பரந்திருக்கிறது. வல்லத்தில் பெரியார் மணியம்மை, பிரிஸ்ட் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். இன்னும் தள்ளித் திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா.

நஞ்சையை யாரும் லேசில் விற்பதில்லை. விற்றாலும் அங்கே கட்டடம் எழுப்புவது எளிதல்ல. அதனால் பெரிய வளாகங்களுக்கு மேடு வசதியாக அமைந்தது, வயலும் தப்பித்தது. அந்த வகையில் இது நல்லதே. ஆனால் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. இந்த வளாகங்களில் நான்கு ஆண்டு படித்துவிட்டுப் போகும் மாணவர் ஒருவர் ஒரு நடவைக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்ப முடியும். பழைய கல்லூரிகள் அப்படி இல்லை. கும்பகோணம் கல்லூரி காவிரிக் கரையிலேயே நிற்கிறது. பூண்டி கல்லூரிக்கு நாலாபுறமும் வயல்தான்.

ஓர் ஆசிரியர், ஒரு நூலகம்

1854இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கி 1867இல் கல்லூரியாக உயர்ந்தது கும்பகோணம் அரசுக் கல்லூரி. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்த வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டரும் தி. கோபால ராவும் அதை வளர்த்தவர்கள். ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்ற பெயர் அந்த நாளில் வந்தது. நன்செய் வருமானம் உள்ள குடும்பங்கள் பிள்ளைகளை இங்கே அனுப்பின. வக்கீல்களும் முன்சீப்களும் தாசில்தார்களும் இங்கிருந்து புறப்பட்டார்கள். வலங்கைமான் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி இங்கே படித்துத்தான் உலக மேடைகளுக்குப் போனார்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கல்லூரியின் பெருமை அந்தப் பட்டியலில் இல்லை. 1880இல் இங்கே தமிழாசிரியராகச் சேர்ந்த உத்தமதானபுரத்துக்காரர் ஒருவரிடம் இருக்கிறது. தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு உ.வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர் சாமிநாதையர். அவர் படித்திருந்தவை பெரும்பாலும் பிற்காலத்து நூல்கள். அதே ஆண்டு கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவரை ஓலைச்சுவடிகளைத் தேடி வீடு வீடாக, மடம் மடமாக அலைய வைத்தது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறும்வரை 23 ஆண்டுகள் அவர் கும்பகோணத்தில் வகுப்பெடுத்துக்கொண்டே இவற்றைச் செய்தார்.

கல்லூரி அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஆராய்ச்சிக்கான சரக்கு கல்லூரிக்கு வெளியே, இந்த ஆற்றுப் படுகையின் கிராமத்துப் பரண்களிலும் மடத்துப் பெட்டிகளிலும் கிடந்தது. வகுப்பறைக்கும் ஊருக்கும் இடையே ஓர் ஆசிரியர் நடந்துகொண்டே இருந்ததால் சங்க இலக்கியம் நமக்குத் திரும்பக் கிடைத்தது. டெல்டாக் கல்லூரி ஒன்று செய்யக்கூடிய வேலைக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரியைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை.

சாமிநாதையர் புறப்பட்டுப் போன மறு ஆண்டு, சாரங்கபாணி சந்நிதித் தெருவிலிருந்து இராமானுஜன் உதவித்தொகையோடு அதே கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மனம் போகவில்லை. உதவித்தொகை பறிபோனது. படிப்பும் நின்றது. கல்லூரி ஒரு மேதையைக் கைவிட்டது என்று இதைச் சொல்வார்கள், சொல்வதில் தவறும் இல்லை. ஆனால் நகர உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே அவர் கைக்கு வந்து, அவரைக் கணிதத்துக்குள் இழுத்த கார் என்பவரின் தொகுப்பு நூல் இதே அரசுக் கல்லூரி நூலகத்தின் பிரதி. பாடத்திட்டத்தில் தோற்ற பையனுக்கு நூலகம் கதவைத் திறந்தது. இன்று சந்நிதித் தெருவிலுள்ள அவர் வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவில்லமாகப் பாதுகாத்து வருகிறது.

நூலகம் என்றால் தஞ்சாவூரில் சரசுவதி மகாலைச் சொல்லாமல் போக முடியாது. நாயக்கர் காலத்தில் தொடங்கி மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜியின் கையில் பெருகியது அது. 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வடமொழி, தமிழ், மராத்தி, தெலுங்குச் சுவடிகள் பல்லாயிரம். சரபோஜி சத்திரங்களையும் கல்விக்குப் பயன்படுத்தினார். 1802இல் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறு போட்டதோடு பிள்ளைகளுக்குப் படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மானியங்கள் எல்லாம் நெல் விளையும் நிலங்கள்.

யாருக்கு எந்தப் படிப்பு

சத்திர மானியத்தில் திருவையாற்றில் நடந்த கல்லூரி வடமொழிக்கானது. தமிழ் மண்ணின் வருமானத்தில் நடக்கும் கல்லூரியில் தமிழுக்கு ஏன் இடமில்லை என்ற கேள்வியைக் கரந்தையிலிருந்து கேட்டார்கள். 1911இல் இராதாகிருட்டிணப் பிள்ளை தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், வழக்கறிஞர் உமாமகேசுவரனார். 1924இல் மாவட்டக் கழகத்தின் (ஜில்லா போர்டு) தலைவராக வந்தவர் ஏ.டி. பன்னீர்செல்வம். இருவரும் சேர்ந்து முயன்றதில் அந்தக் கல்லூரியில் தமிழ் வித்துவான் படிப்பு வந்தது. அரசர் கல்லூரி என்ற பெயரும் நிலைத்தது. சத்திரத்துப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்கு நிர்வாகத்தின் வழியாகவே விடை தேடிய அந்த மனிதர்களை நினைக்கும்போது மரியாதை கூடுகிறது. கரந்தைச் சங்கம் 1925இல் ‘தமிழ்ப் பொழில்’ இதழையும் 1938இல் புலவர் கல்லூரியையும் தொடங்கியது. தமிழுக்கென்று தனியே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரலும் அங்கிருந்து எழுந்ததுதான். உமாமகேசுவரனார் 1941இல் மறைந்தார். அவர் கேட்ட பல்கலைக்கழகம் வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

மொழிக்கான இடம் பற்றி இவ்வளவு பேசிய அதே காலத்தில், நடவு நட்ட பெண்ணின் பிள்ளை எங்கே இருந்தான்? பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். தஞ்சைப் பண்ணைகளில் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த நாள்கள் அவை. விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் 1940களில் கொடியேற்றிய பிறகே நிலைமை அசைந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டார்கள். கூலியாக அரைப்படி நெல்லைக் கூட்டிக் கேட்ட ஊர் அது. அந்த இரவில் பழைய தஞ்சை மாவட்டத்தில் கும்பகோணம், தஞ்சாவூர், பூண்டி, மன்னம்பந்தல் ஆகிய எல்லா ஊர்களிலும் கல்லூரிகள் நடந்துகொண்டிருந்தன.

அந்தக் கல்லூரிகளைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. 1950களில் நில வருமானத்தை எடுத்துக் கல்லூரி கட்டியவர்கள் வேறு எதையும் கட்டியிருக்கலாம். அன்பநாதபுரம் வகையறா அறக்கட்டளை 1955இல் மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியைத் தொடங்கியது. 1956இல் பூண்டியில் வாண்டையார் குடும்பம் புஷ்பம் கல்லூரியைத் தொடங்கியது. நன்கொடை வாங்காமல் இடம் கொடுக்கும் கல்லூரி என்று அதற்குப் பெயர். 2021இல் மறைந்த துளசி அய்யா வாண்டையார் கடைசிவரை அந்தப் பெயரைக் காத்தார். சாலியமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் முதல் பட்டதாரி யார் என்று விசாரித்தால் பதில் பெரும்பாலும் பூண்டியில் போய் முடியும். 1950களின் கடைசியில் எழுந்த தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கும் டெல்டா மக்களிடம் திரட்டிய நிதி சேர்ந்தது. அதற்கு முன்பே ராசா மிராசுதார் மருத்துவமனை இருந்தது, மிராசுதார்களின் கொடை அதன் பெயரிலேயே நிற்கிறது. அரசும் தன் பங்குக்கு 1955இல் மன்னர் சரபோஜி கல்லூரியையும், 1966இல் பெண்களுக்காகக் குந்தவை நாச்சியார் கல்லூரியையும் தஞ்சாவூரில் திறந்தது.

ஈர நெல்லுக்கு ஓர் ஆய்வகம்

இந்தப் படுகையில் படிப்பும் வயலும் கைகோத்த கதையும் உண்டு. அதை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தஞ்சாவூரின் கல்வி வரலாற்றைப் பேசுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆடுதுறையில் 1922இல் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஏடிடி என்று தொடங்கும் ரகங்கள் எல்லாம் அந்த ஊரின் பெயரைச் சுமப்பவை. 1960இல் நாட்டில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. அந்தச் சூழலில் ஜப்பானிய ரகமான நோரின் 10ஐ நம் ஊர் ஜி.இ.பி. 24 உடன் கலந்து உருவான ஏடிடி 27 பரவியது. 105 நாளில் அறுவடை. திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு விவசாயிகள் இந்த விதையைத் தேடிப் போனார்கள். அதனால் ஊரில் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர். ஆராய்ச்சி நிலையம், வானொலி, வயல் மூன்றும் ஒரே பேச்சில் இருந்த காலம் அது. 

குறுவை பெருகியதும் புதிய சிக்கல் பிறந்தது. அறுவடை நேரமும் வடகிழக்குப் பருவமழையும் மோதிக்கொண்டன. ஈர நெல் களத்திலேயே முளைவிட்டது, அவித்தால் நாற்றமடித்தது, வியாபாரி விலையை அடித்துக் கேட்டான். இந்தச் சிக்கலைத் தீர்க்க 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறிய ஆய்வகம் தொடங்கியது. அதை நடத்தியவர் வி. சுப்பிரமணியன், மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்தவர். நாடறிந்த விஞ்ஞானி ஒருவர் பெரிய பதவிக்குப் பிறகு திருவாரூர் அரிசி ஆலைக்குள் உட்கார்ந்து ஈர நெல்லை ஆராய்ந்தார். அந்த ஆய்வகம் 1972இல் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமானது. பிறகு தஞ்சாவூருக்கு இடம் மாறி, படிப்புகளும் சேர்ந்து வளர்ந்து, 2021இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த கல்வி நிறுவனமாக உயர்ந்தது. இன்று நிஃப்டெம் தஞ்சாவூர் என்று அழைக்கிறார்கள். பி.டெக். முதல் ஆராய்ச்சிப் பட்டம் வரை நாடு முழுவதிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள்.

மழையில் நனைந்த ஒரு மூட்டை நெல்லிலிருந்து ஒரு தேசிய நிறுவனம் பிறக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த மூட்டை இன்னும் நனைந்துகொண்டுதான் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் விவசாயிகள் தார்ப்பாயோடு சாலையில் நெல்லைக் காய வைத்துக் காத்துக் கிடக்கிறார்கள். வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். உலர்த்தும் இயந்திரம் ஏன் ஊர் ஊராகப் போய்ச் சேரவில்லை? விடையின் பாதி பொறியியலில் இருக்கிறது, மறுபாதி நிர்வாகத்தில் இருக்கிறது. இரண்டையும் கற்பிக்கும் கல்லூரிகள் இதே மாவட்டத்தில் இருக்கின்றன.

வல்லம் சாலை

1984இல் சண்முகா பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது சாஸ்த்ரா. 1988இல் வல்லத்தில் பெண்களுக்கென்றே ஒரு பொறியியல் கல்லூரி பெரியார் பெயரில் வந்தது. பெண்ணுக்கு எதற்கு எஞ்சினியரிங் என்று கேட்ட காலத்தில் அது துணிச்சலான காரியம். பல டெல்டாக் குடும்பங்களின் முதல் பெண் பொறியாளர்கள் அங்கிருந்து வந்தார்கள். 2007இல் அதுவும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

1990களுக்குப் பிறகு பொறியியல் டெல்டாவை ஒரு காய்ச்சல் போலப் பிடித்தது. காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகள் கூடக் கூட, ‘வயலில் பட்ட பாடு எங்களோடு போகட்டும்’ என்ற பேச்சு எல்லா வீட்டிலும் கேட்டது. ஒரு மா, இரண்டு மா என்று நிலம் விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் வீட்டுக்கு மாடி ஏறியது. இது தவறென்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, தேங்காய்க் காசை நம்பிப் பிள்ளையைத் தனியார் கல்லூரியில் சேர்த்திருந்த குடும்பங்கள் திகைத்துப்போயின. தென்னை வைத்தால் காய்க்க ஐந்தாறு ஆண்டு, பொறியியல் படிப்புக்கோ நாலு ஆண்டு.

டெல்டாவில் கல்லூரி நடத்துபவர்கள் கட்டணத்தைப் பயிர் நாட்காட்டிப்படி வாங்கினால் என்ன? குறுவைக்கும் சம்பாவுக்கும் கொள்முதல் நிலையத்தில் பணம் வரும் மாதங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்டோபரில் ஒரு தவணை, பிப்ரவரியில் ஒரு தவணை. அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை போதும். கந்துவட்டிக்குப் போகும் பணம் வீட்டில் நிற்கும்.

ஆயிரம் ஏக்கர்த் தமிழ்

மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த 1981இல், செப்டம்பர் 15 அன்று, எம்.ஜி.ஆர். அரசு தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. முதல் துணைவேந்தர் வ.அய். சுப்பிரமணியம். இளங்கலைப் பட்டம் கொடுக்கும் இன்னொரு பல்கலைக்கழகமாக அவர் இதை நினைக்கவில்லை. ஓலைச்சுவடி, கல்வெட்டு, கடல்சார் வரலாறு, நாட்டுப்புறவியல், அகராதி, தமிழில் அறிவியல் என்று ஆராய்ச்சிக்கே ஆன துறைகளை அமைத்தார். அறிவியல் களஞ்சியமும் வாழ்வியற் களஞ்சியமும் தொகுதி தொகுதியாக வந்தன. தமிழில் மருத்துவமும் பொறியியலும் எழுதிக்காட்ட முடியும் என்று முயன்று பார்த்த இடம் அது.

இன்று அந்த வளாகத்துக்குள் போனால் கட்டடங்களுக்கு நடுவே முட்செடி அதிகம் தெரியும். ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரம்பாமல் துறைகள் மெலிந்திருக்கின்றன. உமாமகேசுவரனார் காலத்திலிருந்து கேட்டுப் பெற்ற ஒரு நிறுவனத்தை இப்படி விட்டுவைப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. களஞ்சியம் தொகுப்பது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை இல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க ஆளும் பணமும் வேண்டும்.

டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள்

தஞ்சாவூர்ப் பழைய பேருந்து நிலையத்தில் காலை எட்டரைக்கு நின்றால் புதிய டெல்டாவைப் பார்க்கலாம். அம்மாபேட்டை, ஒரத்தநாடு, திருவையாறு, பூதலூர்ப் பக்கங்களிலிருந்து வரும் டவுன் பஸ்களிலிருந்து குந்தவை நாச்சியார் கல்லூரிக்குப் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். பலருக்கு வீட்டில் அவர்களே முதல் பட்டதாரி. அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர், இல்லையென்றால் நூறு நாள் வேலைக்கு. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் அது வந்தது. நகரத்தில் இருப்பவருக்கு 1,000 ரூபாய் சிறிய தொகை. மகளை மேலே படிக்க வைக்கலாமா, திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் வீட்டில் அந்தத் தொகை முடிவை மாற்றுகிறது.

நன்னிலம், வேதாரண்யம், நாகப்பட்டினம், ஒரத்தநாடு போன்ற ஊர்களில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் உறுப்புக் கல்லூரிகளாகத் தொடங்கியவை பின்னர் அரசுக் கல்லூரிகளாயின. அவற்றில் தங்க ஹாஸ்டல் வசதி குறைவு, ஆய்வகம் குறைவு, நிரந்தர ஆசிரியர் மிகக் குறைவு. கௌரவ விரிவுரையாளர்கள்தான் வகுப்புகளைத் தாங்குகிறார்கள். முனைவர் பட்டம் பெற்று, நெட் அல்லது செட் தேர்விலும் தேறி, பதினொரு மாதச் சம்பளத்தில் ஆண்டுக்கணக்காக ஓடுபவர்கள் அவர்கள். ஒரு நூற்றாண்டு காத்திருந்து உள்ளே வந்த பிள்ளைகளுக்கு நிலையில்லாத ஆசிரியர்களைக் கொடுத்திருக்கிறோம். கட்டட அடிக்கல்லுக்குக் காட்டும் வேகத்தை ஆசிரியர் தேர்வுக்குக் காட்டினால் டெல்டா உயர்கல்வியின் பாதிக் குறை தீரும் என்று நம்புகிறேன்.

இந்த மாணவர்களிடம் ஒரு செல்வம் இருக்கிறது. எந்த வாய்க்காலில் எந்த மாதம் தண்ணீர் ஏறும், எந்த வயலில் உப்பு பூக்கும், நடவு இயந்திரம் வந்த பிறகு அம்மாவுக்கு எத்தனை நாள் வேலை போயிற்று என்பதெல்லாம் இவர்களுக்குப் பழகிய விஷயங்கள். வகுப்பறை அதில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. பொருளியல் மாணவி மால்தஸ் கொள்கையை மனப்பாடம் செய்கிறாள். அவளுடைய அப்பா கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு எவ்வளவு இழந்தார் என்பது ஆய்வுப் பொருளாகத் தெரிவதில்லை. வேதியியல் மாணவன் வாங்கி வந்த உப்பைச் சோதிக்கிறான். வேதாரண்யத்து ஆழ்குழாய்த் தண்ணீர் அவன் சோதனைக் குழாய்க்கு வருவதில்லை.

கல்லூரிகள் கேட்காத கேள்வியை வெளியிலிருந்தவர்கள் கேட்டார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி, காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன் பேராசிரியர் அல்லர். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகும் விவசாயி மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரே விதியில் அவர் வேலை நடந்தது. 2018 டிசம்பரில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவருக்கு வழிகாட்டிய நம்மாழ்வார் இதே தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை விட்ட பிறகே அவருக்குத் தன் வழி கிடைத்தது. சாமிநாதையர் சுவடி தேடியதைப் போல விதை தேடிய ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் கல்லூரி அவர்கள் காலத்தில் இங்கே இல்லாமல் போனது பெரிய இழப்பு.

நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2012இல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் 2014இல் ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரியும் வந்தன. 2009இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் நீலக்குடியில் வெட்டாற்றின் இரு கரையிலும் இருக்கிறது. வட இந்திய மாணவர்கள் அங்கே வந்து தமிழ் பேசக் கற்றுக்கொள்கிறார்கள், சுற்றுக் கிராமங்களில் வாடகை வீடு எடுக்கிறார்கள். ஆனால் திருவாரூர் மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர் அங்கே நுழைய ஆங்கிலத்திலோ இந்தியிலோ பழகிய பிள்ளைகளோடு நாடு தழுவிய பொது நுழைவுத் தேர்வில் போட்டியிட வேண்டும். வாசலில் இருக்கும் பல்கலைக்கழகம் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

கும்பகோணத்துக்கு ஒரு கோரிக்கை

கும்பகோணத்தில் கலைஞர் பெயரில் புதிய பல்கலைக்கழகம் அமைக்கும் மசோதாவை 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை நிறைவேற்றியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதில் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அது இன்றோ நாளையோ நடைமுறைக்கு வரட்டும். திருச்சியில் உள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் சான்றுக்காக வேதாரண்யத்திலிருந்து நாள் முழுக்கப் பஸ் ஏறும் மாணவருக்கு அது உதவும். ஆனால் தேர்வு நடத்திச் சான்று கொடுக்கும் அலுவலகமாக மட்டும் அது வந்துவிடக் கூடாது.

ஒரு சிறிய வேலையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். மேட்டூர் திறந்த பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே வாதம் நடக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நீர்வளத்துறை சொல்லும், சேரவில்லை என்று விவசாயிகள் மறிப்பார்கள். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி, வீரசோழன், கோரையாறு என்று எல்லா ஆற்றின் கரையிலும் அரசுக் கல்லூரி மாணவர்கள் வசிக்கிறார்கள். எந்தத் தேதியில் எந்தத் தலைப்பில் தண்ணீர் வந்தது, எத்தனை அடி ஓடியது, எந்த மதகு பழுது என்று தங்கள் ஊர் வாய்க்காலை அவர்கள் எழுதி வைத்தால், மூன்று பருவத்தில் டெல்டாவுக்கே ஒரு நீர்க்கணக்கு சேர்ந்துவிடும். புவியியல் துறை அதை வரைபடமாக்கும், புள்ளியியல் துறை பிழை பார்க்கும், பொருளியல் துறை விளைச்சலோடு ஒப்பிடும். அந்தப் பதிவுக்கு உள்மதிப்பீட்டு மதிப்பெண் கொடுக்கலாம். நிலத்தடி உப்பு, கொள்முதல் நிலையத்துக் காத்திருப்பு நாள்கள், கோயில் கல்வெட்டில் உள்ள பழைய வாய்க்கால் பெயர்கள் ஆகியவற்றையும் இதே முறையில் சேர்க்கலாம்.

இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. நிரந்தர ஆசிரியர்களும், பாடத்திட்டக் குழுவில் இந்த மண்ணை அறிந்த இரண்டு பேரும், ஒரு துணைவேந்தரின் கையெழுத்தும் தேவை. அடுத்த கல்வியாண்டிலேயே, புதிய பல்கலைக்கழகத்துக்குக் காத்திராமல், கும்பகோணம் அரசுக் கல்லூரியும் குந்தவை நாச்சியார் கல்லூரியும் தன்னாட்சி உரிமையைப் பயன்படுத்தி இதைத் தொடங்கலாம்.